மூன்றாவது டப்பா

வெங்காயத் தூசிக்குள் நின்றுகொண்டு ஊரையே சிரிக்க வைத்த என் மாப்ள இன்னாசிக்கு,

நலமா என்று கேட்கக் கூடாத இடத்தில் இருக்கிறாய். இருந்தாலும் கேட்டுத் தொலைக்கிறேன். மூச்சு இப்போது சிரமமில்லாமல் வருகிறதா? இல்லை, அங்கே மூச்சு என்ற தொந்தரவே கிடையாதா?

முதலில் ஊர்ச் சேதி. நேராக விஷயத்துக்கு வர எனக்குத் தைரியம் போதாது என்பது உனக்குத் தெரியும். ரெட்டியார்சத்திரம் போகிற வழியில் இருக்கும், வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் உன் பட்டறையை இப்போது உன் தம்பி பார்த்துக்கொள்கிறான். உன்னைப் போலவே ஒரு வெங்காயத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இது தாங்கும், இது தாங்காது" என்று சொல்கிறான். பாதி தப்பாகத்தான் சொல்கிறான். ஆனால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு சொல்கிறான். உன் எதிர்க் கடைக்காரர், உன்னைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாரே, அவர்தான் உன் அடக்கத்தில் எல்லாரையும் விடச் சத்தமாக அழுதார். இப்போதும் சாயங்காலம் பட்டறைப் பக்கம் வந்து செத்த நேரம் சும்மா நின்றுவிட்டுப் போகிறார். சண்டை போட ஆளில்லாமல் மனிதர் இளைத்தே போய்விட்டார்.

என் அச்சகமும் நடக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. யார் இறந்தாலும் 'இமயம் சரிந்தது' என்று போடச் சொல்கிறார்கள். போன வாரம் ஒருவருக்குப் போட்டேன்; அந்த இமயத்தின் உயரம் நாலே முக்கால் அடி. உனக்கு மட்டும் எனக்கு ஒன்றும் எழுத வரவில்லை. படம், கீழே பெயர், அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரி ஸ்டெல்லாகூடக் கேட்டாள். "ஏண்ணே, ஊருக்கெல்லாம் எழுதுற கை, இவருக்கு ஒரு வரி எழுதலையா?" எழுத வரவில்லை என்றேன். அது உண்மை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லவில்லை.

உன் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. உங்கள் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் வைத்து என்னைப் பார்த்து, "அண்ணே, எங்க பக்கம் வந்து நில்லுங்க, ஆளில்லாம வெறிச்சுனு கெடக்கு" என்றாள். தொப்பி போட்ட ராவுத்தர் வீட்டுப் பையன் ஒருவன் வேதக்காரப் பெண்ணுக்கு அண்ணனாகப் போய் நின்றதைப் பார்த்து உங்கள் சாமியாரே சிரித்தார். அதுவரை பேச்சுக்கு மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நாம் அன்றைக்கு நிஜமாகவே அப்படி ஆனோம். இருபத்திரண்டு வருடமாக அவள் வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் அண்ணன் இடத்தில் இந்தச் சிக்கந்தர்தான். அந்த இடம் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது மாப்ள. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காலேஜிலிருந்து தொடங்குகிறேன். வணிகவியல் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் பேராசிரியர் தலையைத் தூக்கியே பார்க்க மாட்டார். காதை மட்டும் நம்புகிற மனிதர். உனக்குத் தொண்டை கட்டினாற்போல ஒரு கரகரத்த குரல். எனக்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கினாற்போல ஒரு குரல். நீ வராத நாளில் உன் குரலில் நான் "யெஸ் சார்" சொல்வேன். நான் வராத நாளில் என் குரலில் நீ. முதல் நாள் சாயங்காலமே, சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நீ சொல்லிவிடுவாய்: "ஏலே மச்சான், நாளைக்கு எனக்கும் சேத்து நீயே சொல்லிரு."

ஒரு நாள் இரண்டு பேருமே வகுப்பில் இருந்தோம். பழக்கம் விடவில்லை. உன் பெயருக்கு நானும் என் பெயருக்கு நீயும் பதில் சொன்னோம். பேராசிரியருக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வரிசைகள் எல்லாம் சிரிப்பை அடக்க மேசைக்கடியில் குனிந்துகொண்டன. மூன்று வருடமும் நாம் இருவரும் சேர்ந்து முழுதாக ஒரே ஒரு மாணவன் வரும் நாட்கள்தான் வகுப்புக்கு வந்திருப்போம். அந்த வித்தை ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

உனக்கு வந்தது என்னவோ தோல் நோய். முதுகிலும் வாய்க்குள்ளும் கொப்புளம். அதற்கு மாதக் கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை. ஏற்கெனவே சர்க்கரை வேறு. கொப்புளம் அடங்கியது, முகம் மட்டும் முழு நிலா மாதிரி உருண்டுவிட்டது. "ஏலே, நாப்பத்தொம்பது வயசுல எனக்குக் கன்னம் வச்சிருக்குடா" என்று கண்ணாடியைப் பார்த்துப் பெருமைப்பட்ட ஒரே நோயாளி நீயாகத்தான் இருப்பாய். இந்த மாத்திரை உடம்பின் காவல்காரனைத் தூங்க வைத்துவிடும், தூசி தும்புக்குள் போகாதீர்கள் என்று தோல் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நீ பவ்யமாகத் தலையாட்டிவிட்டு நேரே பட்டறைக்குப் போனாய்.

மழையில் நனைந்த சரக்கு அது. சருகுக்கடியில் கரித்தூள் தடவினாற்போலப் பூசணம் பிடித்திருந்தது. நீ உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தட்டிக்கொண்டிருந்தாய். கை, சட்டைப் பை, மூக்கு நுனி எல்லாம் கறுப்பு. நானும் பக்கத்தில்தான் நின்றேன். தடுத்தேனா? "என்ன மாப்ள, கண்மை வியாபாரத்துல எறங்கிட்டியா?" என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்போடு எவ்வளவு தூசி உள்ளே போயிருக்கும் என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன்.

பிறகு காய்ச்சல், இருமல், விலாவில் குத்து. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டு. நிமோனியா என்று ஊசி போட்டார்கள். மூன்று நாளாகியும் காய்ச்சல் அசையவில்லை. அப்போதுதான் அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர் பெண் வந்தது, நெய்க்காரப்பட்டிக்காரி.

"ஏனுங்க, என்ன வேலை பாக்குறீங்க?"

"வெங்காயம்" என்றாய் நீ.

"ஊரையே அழ வைக்கிற தொழில் டாக்டர்" என்றேன் நான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் வெங்காயம் போடுறவர்தானுங்க. பட்டறையில கறுப்பாப் படியுமுங்களே, அதுக்குள்ள கை வெக்கிறீங்களா?" என்று கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அந்தப் பூஞ்சை எல்லார் மூச்சுலயுந்தானுங்க போகுது. நமக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது. எதிர்ப்புச் சக்தி படுத்துக் கெடக்கிற உடம்பாப் பாத்துத்தான் நெஞ்சுக்குள்ள குடியேறிக்கும். பாத்தா நிமோனியா மாதிரியே இருக்குமுங்க. கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. சளியில தேடிப் பாக்கலாமுங்க."

தேடிப் பார்க்கலாம். அந்த வார்த்தையை நாம் இருவருமே காதில் வாங்கவில்லை, இல்லையா?

சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். "வாயக் கொப்புளிச்சிட்டு, மூச்ச நல்லா இழுத்து, அடி நெஞ்சுலருந்து இருமி எடுங்க. எச்சில் வேணாம்." முதல் நாள் நீ துப்பியதை லேபில் திருப்பி அனுப்பினார்கள். வெறும் எச்சிலாம். இரண்டாம் நாளும் அதே கதை. "என்ன சார், சின்னப் புள்ளையாட்டம் எச்சியத் துப்பி வச்சிருக்கீங்க" என்று வார்டே கேட்கும்படி சிஸ்டர் திட்டினார்.

"மச்சான், நான் சளியில ஃபெயிலுடா" என்றாய்.

"விடு மாப்ள, அரியர் எழுதிக்குவோம்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருக்காதா? ஆஸ்பத்திரியில் ஒருவனைச் சிரிக்க வைப்பது லேசா?

மூன்றாவது நாள். ராத்திரி முழுக்க உன்னோடு இருந்த ஸ்டெல்லா விடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் தலைமை ஆசிரியையாக இருக்கிற பள்ளியில் அன்று காலாண்டுத் தேர்வு. நான் காபியோடு வந்தேன். நீ தலையணையைக் கட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாய். மடியில் மூன்றாவது டப்பா. மூடியில் 'இன்னாசிமுத்து, ஆண், 49' என்று ஒட்டியிருந்தார்கள். இருமிப் பார்த்தாய். வறட்டு இருமல். விலாவைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினாய். கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

என் இருமல் திண்டுக்கல்லில் பிரசித்தம். முப்பது வருட சிகரெட். காலையில் நான் ஒரு தடவை இருமினால் மலைக்கோட்டையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நீதான் சொல்வாய். அந்த நேரம் பார்த்து எனக்கு ஓர் இருமல் வந்தது. ஈரமான, கனத்த, முதல் வகுப்பு இருமல். நீ என்னைப் பார்த்தாய். டப்பாவைப் பார்த்தாய். உருண்டு போன அந்த முகத்தில், சைக்கிளில் கால் ஊன்றி நின்றவனின் பழைய கண் ஒரு கணம் மினுங்கியது.

"ஏலே மச்சான், எனக்கும் சேத்து நீயே சொல்லிரு."

விளையாட்டாகச் சொன்னாயா? நிஜமாகவா? சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போனேன். நெஞ்சு நிறைய இருமித் துப்பினேன். மூடியைத் திருகிக் கொண்டுவந்து உன் மடியில் வைத்தேன். வந்து வாங்கிய சிஸ்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சார் சரியாக் குடுத்திருக்கீங்க" என்று உன்னைப் பாராட்டினார்.

"எங்க மச்சான் சொல்லிக் குடுத்தாரு சிஸ்டர்" என்றாய்.

அவர் போன பிறகு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே. சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. விலாவில் குத்தக் குத்தச் சிரித்தாய். நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நாம் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை மாப்ள. நமக்கு அது ஒரு பரீட்சைத் தாள். நிரப்பிக் கொடுத்தால் சிஸ்டர் திட்ட மாட்டார், உன்னைத் தூங்க விடுவார்கள். அந்த டப்பாவுக்குள் உன்னைத்தான் தேடப் போகிறார்கள், அதில் நீ இருக்க மாட்டாய் என்பது இரண்டு பட்டதாரிகளின் மண்டையிலும் ஏறவில்லை.

மறுநாள் காகிதம் வந்தது. 'மாதிரியின் தரம்: நன்று. காசநோய்க் கிருமி: இல்லை. பூஞ்சை: தென்படவில்லை.' என்னைப் பற்றி ஒரு காகிதம் நன்று என்று சொன்னது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் பெண் அதை வைத்துக்கொண்டு கட்டிலருகே வெகுநேரம் நின்றது. "எனக்கென்னமோ பூஞ்சை மேலதானுங்க சந்தேகம்" என்றது பெரிய டாக்டரிடம். பெரிய டாக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "சாம்பிள் நல்லா இருக்கும்மா. அதுல இல்லையே. அந்த மருந்து ரொம்பக் கடுமை, சும்மா ஏத்த வேணாம். வேற ஆன்டிபயாடிக் மாத்திப் பாப்போம், ஸ்கேனும் அப்புறம் வச்சுக்கலாம்" என்றார். அவர் மேல் தப்பில்லை. கையில் இருந்த காகிதத்தை நம்பினார்.

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயை வைத்துப் பிழைக்கிறவன். ஊரில் எந்த மேடையில் ஏற்றினாலும் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவன். 'டாக்டர், அது என்னோடது' என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொன்னால் சிஸ்டருக்குத் திட்டு விழும், உனக்கு வெட்கமாகிவிடும், வார்டே சிரிக்கும் என்று நினைத்தேன். ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுமோ என்று பயம். வாயைத் திறந்தேன். திறந்து, "டாக்டர், மாப்ளைக்கு வியாதியே கிடையாது, வீட்டு வேலைக்குப் பயந்து வந்து படுத்திருக்கான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணைத் தவிர.

அப்படியே நான்கு நாள் போனது. நான்காம் நாள் காலையில் நீ இருமியபோது துண்டில் ரத்தம். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பெண் கணினியில் அந்தப் படத்தை எனக்குக் காட்டியது. கறுப்பு வானம் மாதிரி நுரையீரல், நடுவில் வெள்ளையாக ஓர் உருண்டை, அதைச் சுற்றிப் பனி மூட்டமாக ஒரு வளையம்.

"நிலா கோட்டை கட்டியிருக்கு" என்று என் வாயில் தானாக வந்தது.

"அதேதானுங்க சார். பூஞ்சைக்கு அந்த வளையந்தான் அடையாளம்" என்றது அந்தப் பெண்.

மூச்சுக்குழாய் வழியே ஒரு குழாயை விட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரை மதுரைக்கு அனுப்பினார்கள். கூடவே ரத்த மாதிரியும் போனது. அன்றைக்கே பூஞ்சை மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். இந்தத் தடவை உன் பெயருக்கு நீயே பதில் சொன்னாய். ஆனால் பெயர் கூப்பிட்டு நாலு நாள் ஆகியிருந்தது.

கடைசி நாட்களில் மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன். ஒரு மத்தியானம் விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டாய். குனிந்தேன். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, "மச்சான்... அந்த டப்பா..." என்றாய். அதற்குள் சிஸ்டர் ஓடி வந்து மாஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டார். என்ன சொல்ல வந்தாய்? டாக்டரிடம் சொல்லிவிடு என்றா? ஸ்டெல்லாவிடம் சொல்லிவிடாதே என்றா? இல்லை, அதிலும் ஒரு தமாஷ் வைத்திருந்தாயா? ஒவ்வொரு நாளும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். மறுநாள் அது பொருந்த மாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை நீ போனாய். மேலே ஸ்டெல்லா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். கீழே நான் டீக்கடையில் இரண்டு பேருக்குக் கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். மதுரையிலிருந்து கடைசி ரிப்போர்ட் வந்திருக்கிறதாம். "அண்ணே, நீங்களே போய் வாங்கிருங்க, எனக்கு அந்தப் படி ஏற முடியாது" என்றாள் ஸ்டெல்லா. போய் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து ஓர் அம்மா பெயர் பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாசிமுத்து!"

"யெஸ் சார்."

நான் சொல்லவில்லை மாப்ள. என் தொண்டையிலிருந்துதான் வந்தது, ஆனால் அது உன் குரல். கரகரப்பு, இழுவை, கடைசியில் கொஞ்சம் கீழே இறங்குமே அது, எல்லாம் அப்படியே. கூப்பிட்ட அம்மா நிமிர்ந்து பார்த்தார். வேறு யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டபோது உன் கையெழுத்தாக வந்துவிடுமோ என்று பயந்தேன்.

ரிப்போர்ட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் என்று எழுதியிருந்தது. பெயரைப் பார்த்தால் கொடைக்கானல் பங்களாவில் ஓய்வெடுக்கும் வெள்ளைக்காரத் துரை மாதிரி இருந்தது. டாக்டர் பெண்ணைத் தேடிப் போய்க் கேட்டேன். அந்தப் பூஞ்சைக்குத்தான் அந்தப் பெயராம்; தட்டில் வைத்து வளர்த்துப் பார்ப்பார்களாம். உறுதியாகச் சொல்ல வாரக் கணக்கில் தட்டை வைத்திருப்பார்களாம். அப்படியென்றால், நீ மண்ணுக்குள் போன பிறகும் மதுரையில் ஒரு கண்ணாடித் தட்டில் உன் நெஞ்சிலிருந்து எடுத்தது வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் உனக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, உன்னிடமிருந்து வந்தவற்றில் உயிரோடு மிச்சமிருந்தது அது மட்டும்தான்.

"என்ன நிறத்துல வளரும் டாக்டர்?"

"இந்த வகை கறுப்புங்க சார். தூளு தூளா."

அங்கேயே சொல்லிவிட்டேன். டப்பா, இருமல், நன்று, எல்லாம். என் வாழ்க்கையிலேயே தமாஷ் கலக்காமல் நான் பேசிய ஐந்து நிமிடம் அது. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. திரும்பப் போடாமல் வைத்திருந்தது.

"சளியில கெடைக்காமயே போறதும் உண்டுங்க. அவரோடதே குடுத்திருந்தாலும் இல்லைன்னு வந்திருக்கலாம். இருக்குன்னும் வந்திருக்கலாம். எனக்குத் தெரியாதுங்க சார்."

"நாலு நாள் முன்னாடி மருந்து ஏத்தியிருந்தா?"

"பொழைச்சிருப்பாருன்னும் சொல்ல முடியாது. மாட்டாருன்னும் சொல்ல முடியாதுங்க." பிறகு, "அந்தப் பேப்பர நம்பித்தான் சார் நான் வாய மூடிக்கிட்டேன். எம் மனசு சொன்னத விட்டுட்டேன்" என்றது.

அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

இப்போது அந்த வார்டில் சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் டப்பாவை வாங்குகிறார். கூட இருக்கிறவர்களை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். டாக்டர் பெண் கேட்டுக்கொண்டதால் ஓர் அறிவிப்பு அடித்துக் கொடுத்தேன். கை கழுவும் இடத்துக்கு மேலே, நான் குனிந்த அதே இடத்தில், ஒட்டியிருக்கிறார்கள். 'சளி வேறு, எச்சில் வேறு. வராவிட்டால் வரவில்லை என்று சொல்லுங்கள். வேறு வழி இருக்கிறது. உங்கள் சளியை நீங்களே கொடுங்கள்.' கடைசியில் 'நட்பைக் காட்ட இது இடமில்லை' என்று நான் எழுதியிருந்ததை டாக்டர் அடித்துவிட்டது.

அந்த அறிவிப்புதான் என்னை மாட்டிவிட்டது. ஸ்டெல்லா பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் யாரையோ பார்க்க அங்கே போனவர், கீழே என் அச்சகத்தின் பெயரைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டனுப்பி, தட்டு நிறையச் சோறு போட்டு, இரண்டு வெஞ்சனம் வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணே, அவரு போனதுக்கப்புறமும் அடுத்த வீட்டு ஆம்பளைக நல்லாருக்கணும்னு நெனைக்கிறீங்களே, ஒங்களுக்கு எம்புட்டு நல்ல மனசுண்ணே" என்றாள்.

சோறு இறங்கவில்லை மாப்ள. கையைக் கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. சுவரில் இருந்த உன் படத்தையும் பார்க்கவில்லை. என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "இருவத்தஞ்சு வருசமா அட்டெண்டன்ஸ் எடுக்குறேண்ணே. எந்தப் புள்ள எந்தப் புள்ளைக்காகச் சொன்னாலும் சத்தத்துலயே கண்டுபிடிச்சிருவேன். எம் புருசனுக்கு ஒருத்தர் மாத்திச் சொன்னது எனக்குத் தெரியாமப் போச்சே."

"தங்கச்சி..."

"பேசாதீங்கண்ணே. கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்க. நடந்தத நடந்தபடிக்கு எழுதுங்க. நீங்க தமாசு எழுதுவீங்களே, அதே பத்திரிகைப் புத்தகத்துல எழுதுங்க. தமாசு பண்ணாம எழுதுங்க. வாசிச்சுப் பாத்துட்டு, வரலாமா வேணாமான்னு சொல்றேன்."

தலைமை ஆசிரியை கொடுத்த இம்போசிஷன்தான் இந்தக் கடிதம். பத்திரிகையின் ஆசிரியர் குழு என்னிடம் கேட்டது வழக்கமான சிரிப்புக் கட்டுரை, இதைக் கொடுத்திருக்கிறேன். தமாஷ் பண்ணாமல் எழுதச் சொன்னாள், அதில்தான் ஃபெயிலாகிவிட்டேன். இமயத்தையும் வெள்ளைக்காரத் துரையையும் அடித்துப் பார்த்தேன். அடித்தால் நான் வேறு யாரோ எழுதியது மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொருத்தன் குரலில் சொல்வதை விட்டுவிட்டேன் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பேன்?

சிகரெட்டையும் விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரி, நீ தங்கச்சி என்று கூப்பிடும் நூர்ஜஹான், இதற்காகத் தர்காவில் கேட்காத துஆ இல்லை. இப்போது நான் விட்டதைப் பார்த்துப் பயப்படுகிறாள். இருமல் மட்டும் இன்னும் போகவில்லை. தினமும் விடிகாலையில் வீட்டு வாஷ்பேசினில் குனிகிறேன். நெஞ்சிலிருந்து வருகிறது. கண்ணாடியில் நிமிர்ந்து பார்க்கப் பயம். உருண்டையான ஒரு முகம் பின்னால் நின்று, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்குமோ என்று. அப்படி ஒரு நாள் நின்றால் நல்லதுதான் என்றும் தோன்றுகிறது. டப்பாவைப் பற்றி என்னடா சொல்ல வந்தாய் என்று கேட்டுவிடலாம்.

அச்சகத்தில் தனியாக இருந்த ஒரு மத்தியானம் "யெஸ் சார்" என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் நீதான் வந்தாய். ஊரில் உன் குரலைப் பதிந்து வைத்திருக்கும் ஒரே இடம் என் தொண்டை. அதற்குப் பிறகு சொல்லிப் பார்க்கவில்லை.

கல்லறைத் திருநாள் வருகிறது. இந்த வருடத்தில் இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் கல்லறைத் தோட்டத்தில் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பாராமே. உன் பெயரும் இருக்கும். ஸ்டெல்லா கூப்பிட்டால் அவள் பக்கத்தில் நிற்பேன். கூப்பிடாவிட்டால் வெளிக் கேட்டில், பூ விற்கிறவர்களுக்கு நடுவே நிற்பேன். எப்படியும் வருவேன்.

இன்னாசிமுத்து என்று அவர் வாசிக்கும்போது தொண்டை பரபரக்கும் எனக்கு. அதற்காகத்தான் இந்த வாக்கு, உனக்கு முன்னால், வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் முன்னால்: அன்றைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். எத்தனை நேரமானாலும் சரி. அந்த ஒரு தடவை உன் பெயருக்கு நீயே சொல்லிவிடு மாப்ள. நான் காத்திருந்து கேட்டுவிட்டுப் போகிறேன்.

ஸ்டெல்லாவுக்கு இன்னும் அண்ணன்தானா என்பது அவள் திருத்தி முடித்த பிறகே தெரியவரும்,
ஆனால் என்றைக்கும் உனக்கு மச்சானாகிய,
சிக்கந்தர்